நீச்சல்குளத்துல குழந்தை இருக்கு, யாரு பாக்கறது? – வாசகர் கேள்வி பதில்

லீவு விட்டாச்சு, அதனால இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல நீச்சல்குளம் பத்திதான். சின்னப் பசங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றவ நான்ங்கறதால எடிட்டர் எல்லாத்தையும் எங்கிட்ட தள்ளி விட்டுட்டார். ஒரே மாதிரி வந்ததை சேத்துட்டு மத்ததுக்கு பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: அக்கா, நாங்க ஓஎம்ஆர்ல ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்ல இருக்கோம். ஞாயித்துக்கிழமை காலைல பூல்ல பத்து குடும்பம் இருக்கும், பசங்க எல்லாம் சின்ன பூல்லயும் பெரிய பூல் படிலயும் ஆடுவாங்க, நாங்க சேர் போட்டு பக்கத்துலயே உக்காந்திருப்போம். போன வாரம் என் நாலு வயசு பையன் படில இருந்து ஒரு படி கூட கீழ இறங்கிட்டான் போல, தண்ணி தலைக்கு மேல போயிடுச்சு. எதிர்ல நின்ன இன்னொரு அம்மா பாத்து தூக்கினாங்க. நான் ஆறடி தூரத்துல இருந்தேன், ஒரு சத்தம் கூட கேக்கல. அவனும் கத்தல. எப்படிக்கா கேக்காம போச்சு? அன்னைலேர்ந்து தூக்கம் இல்ல.
– ஒரு அம்மா, சோழிங்கநல்லூர்

பதில்: முதல்ல பையன் நல்லா இருக்கான்ல, அது போதும்மா. உங்க காதுல எந்த தப்பும் இல்ல, அங்க கேக்கறதுக்கு சத்தமே இருந்திருக்காது. சினிமால காட்டற மாதிரி கைய மேல தூக்கி "காப்பாத்துங்க"ன்னு கத்தறதெல்லாம் நிஜத்துல ரொம்ப அபூர்வம், குழந்தைங்க விஷயத்துல கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது. வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த அரை செகண்டுல உடம்பு மூச்சு இழுக்கத்தான் பாக்கும், கத்தணும்னா முதல்ல மூச்சு வேணுமே. நியூயார்க்ல ஒரு பீச்ல லைஃப்கார்டா இருந்த ஃபிராங்க் பியாங்கறவர் முழுகறவங்களை கேமராவுல எடுத்து வருஷக்கணக்கா பாத்து இதை எழுதி வச்சார், மேல மிதந்து திணறிட்டு இருக்கிற நேரமே மொத்தம் 20லேர்ந்து 60 செகண்ட்தான், அதுக்கப்புறம் உள்ள போயிடுவாங்கன்னு. குட்டிப் பசங்கன்னா அந்த 20க்கு பக்கத்துலதான்னு வச்சுக்கோங்க. ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் படிச்சு ஸ்மைலி போட்டு அனுப்பற நேரம் அது.

அப்போ எதை பாக்கணும்? இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. குழந்தை செங்குத்தா நிக்கற மாதிரி இருக்கும், ஆனா காலு அடிக்காது, எந்தப் பக்கமும் நகராது. தலை பின்னாடி சாஞ்சு மோவாய் மேல தூக்கி இருக்கும், வாய் தண்ணி மட்டத்துலயே முங்கி முங்கி வரும். கை ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு தண்ணிய கீழ அமுக்கிட்டு இருக்கும், ஏதோ ஏணில ஏறப் பாக்கற மாதிரி. முடி கண்ணு மேல விழுந்திருக்கும், அதை தள்ளி விடாது. இந்த கடைசி ஒண்ணை நான் எல்லா பெத்தவங்க கிட்டயும் சொல்வேன், ஏன்னா விளையாடற குழந்தை முகத்துல தண்ணி பட்டா உடனே துடைக்கும், முடிய ஒதுக்கும். துடைக்கலன்னா அந்தக் கைக்கு வேற வேலை வந்துடுச்சுன்னு அர்த்தம். தூரத்துல இருந்து பாத்தா இது எல்லாமே "சும்மா நின்னு வேடிக்கை பாக்குது"ன்னுதான் தெரியும். அதனாலதான் பசங்க சத்தம் போட்டா நான் பயப்பட மாட்டேன், சத்தம் நின்னா உடனே திரும்பிப் பாப்பேன்.

அடுத்தது இன்னும் முக்கியம். பத்து குடும்பம் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, நீங்க அதை தைரியமா நினைக்கிறீங்க, எனக்கு அதுதான் பயம். இருபது பேர் உக்காந்திருந்தா ஒவ்வொருத்தரும் மத்த பத்தொம்பது பேர் பாக்கறாங்கன்னு நினைச்சுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் இந்த மாதிரி ஆனதுக்கப்புறம் "எல்லாரும் அங்கதான் இருந்தோம்"ங்கற பேச்சுதான் வரும். இருக்கறது வேற, பாக்கறது வேறம்மா. அதனால ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கு வேற எந்த வேலையும் கிடையாது, போன் கிடையாது, புக் கிடையாது, சமோசா பிரிக்கறது கிடையாது, அரட்டை கிடையாது. பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு மேல யாராலயும் கண்ணு எடுக்காம பாக்க முடியாது, அதனால மாத்திக்கணும், மாத்தும்போது வாய் விட்டு சொல்லணும்: "சின்னவனை இப்ப நீ பாரு, நான் டவல் எடுத்துட்டு வர்றேன்." எதிர்ல இருக்கறவர் "சரி, நான் பாக்கறேன்"னு திருப்பி சொல்ற வரைக்கும் நீங்க எழுந்திருக்கவே கூடாது. தலைய ஆட்டினா செல்லாது. ஒரு விசில் வாங்கி கழுத்துல மாட்டி விடுங்க, யார் கழுத்துல விசில் இருக்கோ அவர்தான் பொறுப்பு, கைமாறும்போது அதுவும் கைமாறணும்.

அஞ்சு வயசுக்கு கீழ இருக்கறதும், எத்தனை வயசா இருந்தாலும் நீச்சல் தெரியாததும் தண்ணில இருந்தா அந்த ஆள் சேர்ல இருக்கக் கூடாது, கை நீட்டினா குழந்தைய தொடற தூரத்துல தண்ணிக்குள்ள இருக்கணும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருஷமா சொல்றதும் இதேதான். உங்க ஆறடி வெளிய நாலு எட்டு, ஆனா ஈரத் தரையில, சேர்லேர்ந்து எழுந்து, பூலுக்குள்ள இறங்கின்னு பாத்தா அது ரொம்ப தூரம்.

போன் விஷயத்துல நான் மட்டும் கத்தறேன்னு நினைக்காதீங்க. ஜெர்மனில டி.எல்.ஆர்.ஜி.ன்னு ஒரு உயிர்காப்பு சங்கம் இருக்கு, 1913ல ஆரம்பிச்சது, ரொம்ப பெருசு. 2018 கோடையில அவங்களே வெளிப்படையா சொன்னாங்க, குழந்தையோ பேரனோ தண்ணில இருந்தா போனை எடுத்து உள்ள வைங்கன்னு. அங்க நிறைய குளத்துல ட்ரெயினிங் எடுத்த லைஃப்கார்ட் நிப்பாங்க, அதுக்கே இப்படி. நம்ம அப்பார்ட்மென்ட்ல "லைஃப்கார்ட்"னு நிக்கறவர் பாதி இடத்துல பூல் கிளீன் பண்ற தம்பியா இருப்பார் இல்ல செக்யூரிட்டி அண்ணனா இருப்பார். அவருக்கு நீச்சல் தெரியுமான்னு அசோசியேஷன் மீட்டிங்ல ஒரு தடவை கேளுங்க. தெரிஞ்சாலும், அவர் கண்ணு மொத்த பூலையும் சுத்தி வரும், உங்க பையன் மேல நிக்காது, நிக்கவும் கூடாது.

கேள்வி: அம்மா, நாங்க எல்லாம் அஞ்சாறு வயசுல கிணத்துல சுரைக்குடுவை கட்டி குதிச்சு கத்துக்கிட்டவங்க. இப்ப பேரனை பூல்ல விட்டா மருமக கரையிலேயே நின்னு பதறுது. புள்ளைய இப்படி பயமுறுத்தி வளக்கலாமா?
– ஒரு தாத்தா, பொள்ளாச்சி

பதில்: ஐயா, உங்க கடிதத்தை படிச்சு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா ஒண்ணு ஞாபகப்படுத்திப் பாருங்க. உங்களை கிணத்துல இறக்கினப்போ மாமாவோ அண்ணனோ யாராவது ஒருத்தர் தண்ணிக்குள்ள உங்க பக்கத்துலயே இருந்திருப்பார். இடுப்புல கயிறு கட்டி மேல ஒருத்தர் புடிச்சிருப்பார். குடுவை கட்டி விட்டுட்டு அவங்க டீ குடிக்கப் போகல. உங்களுக்கு தைரியம் வந்ததே அவங்க கண்ணு உங்க மேல இருந்ததாலதான். இன்னிக்கு பூல்ல தண்ணி தெளிவா, டைல்ஸ் பளபளன்னு, படி வச்சு அழகா இருக்கறதால எல்லாருக்கும் பயம் விட்டுப் போச்சு. கிணத்துக்கு இருந்த மரியாதை பூலுக்கு இல்ல. அதுவும் பாதி பூல்ல மூணடி ஆழம் எங்க முடிஞ்சு அஞ்சடி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கே தெரியாது, தரை மெதுவா சரிஞ்சுட்டே போகும், குழந்தை நடந்துகிட்டே ஆழத்துக்கு போயிடும்.

மருமகப் பொண்ணு பதறறதை விட தண்ணில இறங்கி பக்கத்துல நிக்கட்டும், அப்போ பதட்டமும் இருக்காது. நீங்களும் இறங்குங்க, நீச்சல் தெரிஞ்ச தாத்தா வீட்டுல இருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்! ஒரு வயசுக்கு மேல குழந்தைக்கு தண்ணிப் பழக்கம் ஆரம்பிக்கலாம், நாலு வயசுல முறையா கத்துக் குடுக்கலாம், முழுகற ஆபத்து அதனால நிச்சயமா குறையும். ஆனா "என் பேரனுக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லி கண்ணை எடுத்துடாதீங்க. கிளாஸ்ல பத்து மீட்டர் நீந்தற குழந்தைங்க, எதிர்பாக்காம யாராவது தள்ளி விட்டா அப்படியே கத்துக்கிட்டது எல்லாம் மறந்து போய் நிக்கறதை நான் அடிக்கடி பாக்கறேன்.

கேள்வி: மேடம், கைல மாட்டற காத்து பலூன், இடுப்பு ரிங் எல்லாம் போட்டு விட்டா கொஞ்சம் தளர்வா இருக்கலாம்ல? எட்டு மாச குழந்தைக்கு கழுத்துல மாட்டற ரிங் ஆன்லைன்ல வருது, வாங்கலாமா?
– ஒரு அப்பா, திருச்சி

பதில்: கழுத்து ரிங் வேண்டவே வேண்டாம் சார். 2022ல அமெரிக்க மருந்து நிர்வாகமே அதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு. காத்து கொஞ்சம் இறங்கினாலும் குழந்தை நழுவி உள்ள போயிடும், கழுத்துக்கும் நல்லதில்ல. போட்டோல அழகா இருக்கும், அவ்ளோதான்.

கை பலூனும் இடுப்பு ரிங்கும் விளையாட்டுச் சாமான். கை பலூன் ஈரத்துல வழுக்கிட்டு கழண்டுடும், இடுப்பு ரிங் கவுந்தா தலை கீழயும் கால் மேலயும் மாட்டிக்கும், தானா நிமிர முடியாது. இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல, தினம் அதைப் போட்டே பழகின குழந்தைக்கு தண்ணின்னா நாம மிதப்போம்னு மனசுல பதிஞ்சுடும், ஒரு நாள் பலூனை கழட்டிட்டு துண்டு சுத்தி உக்கார வச்சிருப்பீங்க, நீங்க அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல அது பலூன் இல்லங்கறதே நினைப்பு இல்லாம ஓடிப் போய் குதிச்சுடும். படகுல போறப்போ, ஆத்துல இறங்கறப்போ நல்ல லைஃப் ஜாக்கெட், எடைக்கு சரியான சைஸ், பக்கிள் எல்லாம் மாட்டி. அதுவும் உங்க கைக்கு பதில் கிடையாது.

கேள்வி: லீவுக்கு ஈசிஆர்ல பூல் வச்ச ஒரு தனி வில்லா புக் பண்ணியிருக்கோம், மூணு குடும்பம், குட்டிங்க மட்டும் ஆறு பேர். போனதும் என்ன பாக்கணும்?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: பெட்டிய இறக்கறதுக்கு முன்னாடி பூல் பக்கம் போங்க. ஹால்லேர்ந்து பூலுக்கு நேரா கண்ணாடிக் கதவு இருக்கும், நிறைய வில்லால அப்படித்தான் கட்டறாங்க, பாக்க அழகு, குட்டிங்களுக்கு அதுதான் எமன். சுத்தி நாலு பக்கமும் நாலடி உயர வேலி, தானா சாத்திக்கற கேட்டு, எட்டாத உயரத்துல தாழ்ப்பாள், இதுதான் சரியான முறை, நம்ம பக்கம் கிடைக்கறது கஷ்டம். இல்லன்னா அந்தக் கண்ணாடிக் கதவோட மேல் தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு போட்டுப் பாருங்க, செய்யலன்னா கேர்டேக்கரை கூப்பிட்டு அப்பவே சரி பண்ணச் சொல்லுங்க. சின்னப் பசங்க நிறைய பேர் முழுகறது "பூல் டைம்"ல இல்லங்க, எல்லாரும் குளிச்சு முடிச்சு சாப்பிட உக்காந்தப்போ, பெரியவங்க மதியம் கண்ணசந்தப்போ, ஒருத்தர் பேக்கிங் பண்றப்போ. அதனால பூலை விட்டு ஏறினதும் பந்து, பொம்மை எல்லாத்தையும் தண்ணிலேர்ந்து எடுத்துடுங்க, மிதக்கற வாத்து பொம்மைய எடுக்கத்தான் குழந்தை குனியும்.

தரை தெளிவா தெரியணும். அடியில இருக்கற வடிகால் மூடி கண்ணுல படலன்னா அந்தத் தண்ணில யாரும் இறங்க வேண்டாம், கலங்கின தண்ணில கீழ கிடக்கற குழந்தை தெரியவே தெரியாது. அந்த மூடி உடையாம, ஸ்குரூ போட்டு இறுக்கமா இருக்கான்னும் பாருங்க. 2002ல அமெரிக்காவுல முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரோட ஏழு வயசு பேத்தி சூடு தண்ணி தொட்டில வடிகால் உறிஞ்சல்ல மாட்டி இறந்து போனா, நல்லா நீந்தத் தெரிஞ்ச பொண்ணு. அந்தக் குழந்தை பேர்லயே 2007ல அங்க சட்டம் வந்துச்சு, பாதுகாப்பான வடிகால் மூடி கட்டாயம்னு. பம்ப் சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க, முடிய விரிச்சுப் போட்டு எந்தப் பொண்ணையும் அடிக்கு முங்க விடாதீங்க.

ஆறு குட்டிக்கு ஒருத்தர் பத்தாது, ரெண்டு மூணு பேர் தண்ணிலயே இருக்கணும். ராத்திரி பார்ட்டின்னு யாராவது குடிக்கறதா இருந்தா அவங்க கழுத்துல விசில் போகவே கூடாது, சொந்தக்காரங்க மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாலும் பரவால்ல. எப்பவாவது ஒரு குழந்தைய காணோம்னா கட்டிலுக்கு அடியில, மாடில தேடறதுக்கு முன்னாடி ஒருத்தர் நேரா பூலுக்கு ஓடணும்.

கேள்வி: எனக்கே நீச்சல் தெரியாது, என் பொண்ணை நான் எப்படி பாத்துக்கறது? கூட்டிட்டே போகக் கூடாதா?
– ஒரு அம்மா, மதுரை

பதில்: கூட்டிட்டு போங்க. உங்க இடுப்பு அளவு தண்ணில நீங்க நின்னு, பொண்ணு உங்க கைக்குள்ள இருந்தா நீச்சல் தெரியாததால ஒரு குறையும் இல்ல. ஆழப் பக்கம் மட்டும் வேண்டாம். ஒரு வேளை குழந்தை ஆழத்துக்கு போயிட்டா நீங்க குதிக்காதீங்க, இதைச் சொல்றதுக்கே எனக்கு கஷ்டமா இருக்கு, எந்த அம்மாவாலயும் முடியாதுன்னு தெரியும், ஆனா நம்ம ஊர்ல குளத்துல, ஆத்துல, கல்குவாரில ஒரு பிள்ளைய காப்பாத்தப் போய் ரெண்டு மூணு பேரா போற செய்தி எத்தனை படிக்கிறோம். கத்தி ஆளைக் கூப்பிடுங்க, தரையில படுத்துகிட்டு நீள கம்பு, துப்பட்டா, புடவை எதையாவது நீட்டுங்க. மூடி போட்ட இருபது லிட்டர் காலி வாட்டர் கேன் நல்லா மிதக்கும், தூக்கிப் போடலாம். அப்புறம், பொண்ணோட சேந்து நீங்களும் கத்துக்கோங்க. பெரியவங்களுக்கு தனி பேட்ச் நிறைய இடத்துல இருக்கு, நாப்பது வயசுல கத்துக்கறவங்க எங்கிட்டயும் இருக்காங்க.

கேள்வி: பூல்ல தண்ணி குடிச்ச குழந்தை ரெண்டு மூணு நாள் கழிச்சு தூக்கத்துலயே இறந்து போகும், அது "டிரை டிரௌனிங்"னு ஃபார்வர்ட் வருதே, உண்மையா?
– வாசகர்கள் பலர்

பதில்: அந்தப் பேரையே உலக அளவுல டாக்டர்கள் இப்ப பயன்படுத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சு இருமிட்டு, ஒரு நிமிஷத்துல பழையபடி ஓடி ஆடற குழந்தைக்கு நாள் கழிச்சு திடீர்னு அப்படி எதுவும் ஆகாது. ஆனா தண்ணிக்குள்ள திணறி, யாராவது தூக்கி எடுக்க வேண்டி வந்திருந்தா அது வேற கதை. விடாத இருமல், வேகமா மூச்சு வாங்கறது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு உள்வாங்கறது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், வாயில நுரை, உதடு நீலமாகறது, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துலயே தெரிஞ்சுடும்.

இதோட ஒண்ணு சேத்து சொல்லணும். மூச்சு பேச்சு இல்லாம எடுத்த குழந்தைய நம்ம ஆளுங்க காலைப் புடிச்சு தலைகீழா தூக்கி சுத்துவாங்க, வயித்தை அமுக்குவாங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க, செய்ய விடாதீங்க. வயித்துல இருக்கற தண்ணி வெளிய வர்றதால உயிர் வராது, அது நுரையீரலுக்கு போனா இன்னும் மோசம், மூளைக்கு ஆக்ஸிஜன் இல்லாத ஒவ்வொரு நிமிஷமும் அதுலயே போயிடும். குழந்தைய கெட்டியான தரையில மல்லாக்க படுக்க வைங்க. ஒருத்தர் 108க்கு போன், தனியா இருந்தா ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்க ஆரம்பிங்க. தலைய லேசா பின்னாடி சாச்சு, மோவாயை தூக்கி, மூக்கை பொத்தி, வாயோட வாய் வச்சு நெஞ்சு எழும்பற அளவு ஊதணும், கைக்குழந்தைன்னா வாயையும் மூக்கையும் சேத்து மூடி ஊதணும். தண்ணில முழுகினவங்களுக்கு ஊதறதுதான் முதல்ல, சில இடத்துல 2 தடவைன்னு சொல்லித் தருவாங்க, ஐரோப்பிய முறையில 5. அப்புறமும் அசைவு இல்லன்னா நெஞ்சுக்கு நடுவுல, நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு உள்ள போற அளவு 30 தடவை வேகமா அமுக்கி 2 தடவை ஊதி, 30 அமுக்கி 2 ஊதி, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 வேகத்துல, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாம. படிச்சா மட்டும் கைக்கு வராது. ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் எல்லாம் பொம்மை வச்சு சிபிஆர் சொல்லித் தர்றாங்க, அசோசியேஷன்ல பொங்கல் விழாவுக்கு வசூல் பண்ற காசுல ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களை கூப்பிட்டு நடத்துங்களேன்.

கேள்வி: பொண்ணுக்கு ஃபிட்ஸ் மாத்திரை போயிட்டு இருக்கு. நீச்சலுக்கு விடலாமா?
– ஒரு அம்மா, ஈரோடு

பதில்: நரம்பு டாக்டர் சரின்னு சொன்னா விடலாம். ஆனா அவளுக்குன்னே ஒரு பெரியவர் தண்ணிக்குள்ள, வேற எந்தக் குழந்தையும் அவர் பொறுப்புல இல்லாம. கோச் கிட்ட மறைக்காதீங்க, சொன்னா சேக்க மாட்டாங்களோன்னு பயந்து நிறைய பேர் சொல்றதில்ல. மாத்திரை விட்டுப் போன நாள், தூக்கம் கெட்ட நாள் பூல் வேண்டாம். வீட்டுல தொட்டிக் குளியலும் தனியா வேண்டாம், பக்கெட்டும் மக்குமா குளிக்கட்டும், பாத்ரூம் தாழ்ப்பாள் போடாம.

கேள்வி: மூத்தவளுக்கு பதிமூணு வயசு, நல்லா நீந்துவா. அஞ்சு வயசு தம்பிய அவ பொறுப்புல விட்டுட்டு நான் மேல போய் சமையலை முடிச்சுட்டு வரலாமா?
– ஒரு அம்மா, போரூர்

பதில்: வேண்டாம்மா. அவ எவ்ளோ நல்லா நீந்தினாலும் அவளும் குழந்தைதான், ஃப்ரெண்ட்ஸ் வந்தா பேசத்தான் செய்வா, அது அவ வயசு. ஏதாவது ஆயிட்டா அந்தப் பாரத்தை அந்தப் பொண்ணு காலம் முழுக்க சுமக்கணும். சமையலை முடிச்சுட்டு மூணு பேரும் சேந்தே இறங்குங்க.

கேள்வி: குழந்தைக்கு ஸ்விம்மிங் டிரஸ் எந்த கலர் வாங்கறது?
– ஒரு அப்பா, தாம்பரம்

பதில்: கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு, ஃப்ளோரசன்ட் பிங்க், இல்ல ஃப்ளோரசன்ட் மஞ்சள். நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டாம், நீல டைல்ஸ் போட்ட பூல்ல ரெண்டடி ஆழம் போனாலே கண்ணுக்கு மறைஞ்சுடும். சந்தேகமா இருந்தா வாங்கினதை பூல் படில தண்ணிக்குள்ள முக்கிப் புடிச்சு, நீங்க வழக்கமா நிக்கற இடத்துலேர்ந்து வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க. அவருக்கு உடனே தெரியலன்னா கடைல குடுத்து மாத்திட்டு வந்துடுங்க.